எட்டில் ஒரு பங்கு மேகம்

உட்காருங்க என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி நேரமாகிறது. அர்த்தநாரி உட்கார்ந்துதான் இருந்தார், வேறென்ன செய்வது, ஆனால் ஆளை உட்கார வைக்கிற வித்தையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முப்பத்தைந்து வருசமாக மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவர், எத்தனை பேரை இதே மாதிரி புளியமரத்து வேரில் உட்கார வைத்திருக்கிறார், கையில் ஒரு டீயைக் கொடுத்து, தோ வர்றேங்க என்று அந்தப் பக்கம் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்று, ஆளின் வீறாப்பு ஆறி, பயம் கிளம்பி, அந்த மாட்டை இன்னொருத்தன் பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்று அவனே எழுந்து தேடி வருகிற வரைக்கும். இங்கே டீயும் கிடையாது. வானிலை ஆபீஸ் வராந்தாவில் ஒரு இரும்பு பெஞ்சு, தலைக்கு மேலே முனகிக்கொண்டே சுற்றுகிற மின்விசிறி, எதிரே கம்பிவேலி போட்ட புல்தரை. புல்தரை நடுவில் நாலு கால் வைத்த வெள்ளைப் பெட்டி, புறாக்கூண்டு மாதிரி, சுற்றிலும் மரச்சட்டம். அதற்கு அந்தாண்டை தரையில் பாதி புதைத்த ஒரு உருளை. ஒரு கம்பத்து உச்சியில் மூன்று கிண்ணங்கள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மேடையில் கண்ணாடி உருண்டை. இவ்வளவுதானா, இதை வைத்துக்கொண்டா வானத்துக்குக் கணக்கு எழுதுகிறார்கள், இத்தனை சாமானையும் விற்றால் ஒரு நல்ல எருமை வாங்க முடியுமா என்று நினைத்தார், நினைத்த கையோடு பயந்தும் கொண்டார், ஏனென்றால் இந்தப் புறாக்கூண்டும் கிண்ணமும் சொல்லப்போகிற ஒரு சொல்லுக்காகத்தான் காலையில் முதல் ஆளாகக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, மனு எழுதிக் கொடுக்கிறவனைத் தேடிப் பிடித்து மனு எழுதி வந்திருக்கிறார். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின ஒரு பங்குனி மாசம். பங்குனி இருபது, இங்கிலீசுக்கு ஏப்ரல் மூன்று. அன்றைக்குச் சேலத்தில் வானம் எப்படி இருந்தது என்று சீல் வைத்த ஒரு காகிதம் வேண்டும். அவ்வளவுதான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லுகிற மாதிரி, செத்துப்போன ஒரு நாளின் வாயைத் திறந்து பார்த்து யாராவது சொல்ல வேண்டும்.

கேட்டது அவரில்லை, மகள். சொர்ணா. ஏழு மாசத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு புருசன் வீட்டு நடையில் நின்றுகொண்டு கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, வளையல் போட்ட கையோடு பெண்ணை அழைத்து வந்து தலைப்பிரசவம் பார்ப்பது பெற்றவன் வீட்டுக் கடமை, தாய் போய்ச் சேர்ந்துவிட்டாலும் தாய் வீடு தாய் வீடுதானே, அதற்காகச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது, பிள்ளை பெற்றவளுக்குப் பால் வேண்டுமே என்று தலையீத்து மாடு ஒன்றைக் கொண்டுவந்து கட்டியாகிவிட்டது, சுழி பார்த்து, மடி பார்த்து, ஊருக்கெல்லாம் தள்ளிவிடுகிற மாடு இல்லை அது, இருபதில் ஒன்றாகப் பொறுக்கியது. அவள் என்னடாவென்றால், நான் மாமா வீட்டுக்குப் போறேன்ப்பா என்கிறாள். மாமாவாவது, செத்துப்போன பெண்சாதி அத்தாயியின் தம்பி செங்கோடன், அவன் பாட்டுக்குச் சுவரில் சாய்ந்து பல்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றான், தூண்டிவிட்டவன் மாதிரியும் இருந்தான், ஒன்றும் தெரியாதவன் மாதிரியும் இருந்தான். "ஏன், அப்பன் வீடு இடிஞ்சா விழுந்துருச்சு?" என்று இவர் கத்தின கத்தலில் சம்பந்தி வீட்டுக் கோழியெல்லாம் ஓடியது. "அம்மா செத்த வீட்டுல எனக்குப் பயமா இருக்குதுப்பா" என்றாள். "பயம் என்ன பயம், ஆத்திர அவசரத்துக்கு நான் இருக்கறேன்ல்ல?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தாயியின் கண் அப்படியே. "அன்னைக்கும் இருந்தீங்க." அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை, பன்னிரண்டு வருசமாகச் சொன்னதையே மறுபடியும் சொன்னார், மழை சாமி, பேய் மழை, தரைப்பாலம் முழுகிப்போச்சு, வண்டி நின்னு போச்சு, அப்பன் என்ன பண்ணுவேன் என்று. செங்கோடன் பல்குச்சியை எடுத்தான். "மச்சான், நான் ஏழு மணிக்கு வண்டியில வந்தேன். ரோட்டுல புழுதி பறந்துச்சு." "நீ வாயை மூடுடா. உன்ற ரோட்டுல புழுதி, என்ற ரோட்டுல தண்ணி!" "வானம் ஒண்ணுதானுங்களே மச்சான்" என்று அவன் சொன்ன தினுசு இருக்கிறதே, அவனை அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார், சொர்ணா குறுக்கே வந்தாள். "சண்டை வேண்டாம். தினமும் வானத்தைப் பார்த்து எழுதி வெக்கறதுக்குன்னே ஆபீஸ் இருக்குதாம். அன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு வாங்கிட்டு வாங்க. நீங்களே பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க. எந்த வீட்டுக்குன்னு அப்புறம் பேசுவோம்." அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான் என்றாள். சந்தையில் கையில் கை அடித்து முடிக்கிற மாதிரிதான் இருந்தது, அப்போது.

மழை பெய்தது. அதில் சந்தேகமே இல்லை. கயிறு கயிறாக இறங்கியது, வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது, லாரிக்காரர்கள் இரண்டு பேர் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து பீடி பிடித்தது, ஒரு செருப்பு தண்ணீரோடு போனது, எல்லாம் நேற்று மாதிரி இருக்கிறது. வீடு வந்து சேரும்போது விடிந்துவிட்டது. அத்தாயியை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். சொர்ணா பதினாலு வயசு, மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இவரைப் பார்த்து அழவில்லை, வேட்டியைப் பார்த்தாள், முழங்கால் வரை சேறு. மழையில மாட்டிக்கிட்டேன் சாமி என்றார், அன்றைக்குச் சொன்னதுதான் முதல் தடவை. பிறகு எடுத்துப்போட வந்தவர்களுக்குச் சொன்னார், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சொன்னார், துக்கம் கேட்க வந்த சந்தைக்காரர்களுக்கு, டீக்கடைக்காரனுக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார், சொல்லச் சொல்ல அது நல்ல வழவழப்பாகிவிட்டது, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொண்டையைச் செரும வேண்டும் என்றெல்லாம் அதுவாகவே வந்துவிடும். போன் வந்தது நாலரை மணிக்கு. பக்கத்து வீட்டுக்காரி. அண்ணே, அத்தாயிக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்க என்றாள். அத்தாயிக்கு மூச்சு வாங்குவது புதுசில்லை, மாசத்துக்கு இரண்டு தடவை வாங்கும், ஆவி பிடித்தால் அடங்கும். தோ கிளம்பிட்டேன் என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆமாம், அந்தப் போனில் மழைச் சத்தம் கேட்டது. கேட்டதா? இதில்தான் கொஞ்ச நாளாக ஒரு முள். இராத்திரி படுக்கும்போது இல்லை, பல் விளக்கும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, அந்தப் போன் திடீரென்று காதில் வரும், பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வரும், அதற்குப் பின்னால் மழை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மழை வருவதில்லை, சலங்கைச் சத்தம் வருகிறது, யாரோ சிரிக்கிறார்கள், ஒரு மாடு கத்துகிறது. சந்தைதானே, மழையிலும் மாடு கத்தும். மழையிலும் சிரிப்பார்கள். சிரிக்கக்கூடாது என்று சட்டமா.

அந்த அம்மா வெளியே வந்தாள். அமலோற்பவம் என்று மேசைமேல் பலகை இருந்தது, காலையில் எழுத்துக்கூட்டிப் படித்தார், ஓய்வு பெறப்போகிற வயசு, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். காகிதத்தோடுதான் வருகிறாள் என்று எழுந்தார், அவள் இவரைக் கடந்து புல்தரைக்குப் போனாள், வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து எழுதினாள், மூடினாள், பிறகு நடுத்தரையில் நின்று அண்ணாந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்தாள். மாட்டைச் சுற்றி வந்து பார்க்கிறவன்கூட இவ்வளவு நிதானமாகப் பார்க்க மாட்டான். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, வேலியோரம் போய் நின்றார். "என்னம்மா பார்க்கறீங்க?" "மேகம்." "பார்த்து?" "எட்டுல எத்தனை பங்கு மூடியிருக்குதுன்னு எழுதணும்." "வானத்தையா? அங்க கோடு போட்டு வெச்சிருக்குதா?" "கோடு நாமதாங்க போட்டுக்கணும். முப்பத்தோரு வருசமாப் போட்டுட்டுத்தான் இருக்கறேன்." "இப்ப எத்தனை?" "மூணு." இவரும் அண்ணாந்தார். வடக்கே ஏற்காட்டு மலைக்கு மேலே ஒரு கும்பல், உச்சியில் பஞ்சாக இரண்டு மூன்று. "எனக்கு நாலு தெரியுதுங்களே." "உங்களுக்கு நாலா இருக்கட்டும். நான் மூணுதான் எழுதுவேன்." "மூணரைன்னு போட்டுக்குவோமே, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்." அவள் சிரித்துவிட்டாள். "சந்தைக்காரருங்களா?" "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" "வானத்துக்கு யாரும் இதுவரைக்கும் விலை கேட்டதில்லை." அவருக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "அந்த நாளும் இப்படித்தான் பார்த்து எழுதியிருப்பாங்களா?" "எழுதாத நாளே கிடையாதுங்க. தீபாவளி பொங்கல் கிடையாது. அந்த வருசம் சாயந்திர டூட்டி பெரும்பாலும் நான்தான் பார்த்தேன். என் கையெழுத்தாவே இருந்தாலும் இருக்கும். கட்டு மேல் பரண்ல இருக்குது, ஆள் ஏறித் தேடறாரு, உட்காருங்க."

மறுபடியும் பெஞ்சு. சாயந்திரம் அஞ்சரை மணிக்கு இந்த அம்மா இதே புல்தரையில் நின்று இதே மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள், அதே அஞ்சரை மணிக்கு ஊருக்குத் தெற்கே ஒரு வாசலில் கயிற்றுக் கட்டிலில் அத்தாயி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருப்பாள், படுத்தால் முடியாது அவளுக்கு, உட்கார்ந்துதான் இருப்பாள், இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி. ஆட்டோ பிடித்திருக்கலாம். ஆஸ்பத்திரி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது, ஒன்றரை மைல். அப்பா வந்துரட்டும் என்று மகளிடம் சொன்னாளாம். செங்கோடன்தான் பிறகு சொன்னான், சொல்லவேண்டிய அவசியம் என்ன அவனுக்கு, சொன்னான். இருபது வருசம் குடும்பம் நடத்தினவள், ஒரு தடவை அவரிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவளில்லை, கேட்டிருந்தால் இவர் பேரம்தான் பேசியிருப்பார், அது அவளுக்குத் தெரியும், புடவைக்கடையில் இவர் பேசுகிற பேச்சில் கூசிப்போய் வெளியே போய் நின்றுகொள்வாள். ஒன்றுமில்லாமல் ஊரைவிட்டு வந்தவர் அவர், ஒரு மூக்கணாங்கயிறுகூடச் சொந்தமாக இல்லாமல், கன்னத்தில் அறை வாங்கி, காறித் துப்பல் வாங்கி, மாட்டுச் சாணத்தில் படுத்து எழுந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், முதலில் கையை இழுக்கிறவன் தோற்றான். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவது, சுற்றி நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது, வாயில் ஒரு சொல் வராது, முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது, விரல்தான் பேசும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வானத்தை எட்டாகக் கூறு போடுகிறாளாம். இந்தக் கையில் எட்டு விரல் பிடித்து விலை முடித்த மாடு எத்தனை. மழை பெய்தது என்று எழுதியிருந்தால் போதும், எட்டில் எட்டு வேண்டாம், ஆறு போதும், அஞ்சு இருந்தாலும் அவர் பேசிச் சமாளித்துவிடுவார், கடவுளே அஞ்சுக்குக் கீழே போய்விடாதே.

உள்ளே வாங்க என்று குரல் வந்தது. மேசைமேல் பழுப்பேறிய பெரிய நோட்டு, விரித்த இடத்தில் தூசி தட்டிய அடையாளம். எல்லாம் இங்கிலீசு, கட்டம் கட்டமாக எண்கள், எறும்பு வரிசை மாதிரி. அமலோற்பவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்தாள். "ஏப்ரல் மூணு. அதிக வெப்பம் முப்பத்தெட்டு. மழை..." விரல் நின்றது. "மழை இல்லீங்க. சைபர்." சைபர். சைபரா. கயிறு கயிறாக இறங்கினது சைபரா, தண்ணீரோடு போன செருப்பு சைபரா, அப்படியானால் சேறு எங்கேயிருந்து வந்தது, பன்னிரண்டு வருசமாக அவர் நனைந்துகொண்டு நின்றது எந்த மழையில், ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், இப்படி ஒரு மழையே உலகத்தில் பெய்யவில்லையோ, எல்லாம் தானே கட்டினதோ, பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று தோன்றியது, உடனே கோபம் வந்து அந்த நினைப்பை மிதித்துக்கொண்டு மேலே ஏறியது. "என்னம்மா கணக்கு எழுதி வெச்சிருக்கீங்க! அரை ஆள் மட்டத்துக்குத் தண்ணியில நின்னவன் நான். உங்க பெட்டி தூங்கிட்டு இருந்துச்சா, இல்ல நீங்க தூங்கினீங்களா? சர்க்கார் சம்பளம் வாங்கிட்டு..." மேசையில் அறைந்தார், மைக்கூடு மாதிரி இருந்த ஏதோ ஒன்று உருண்டது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றார். அந்த அம்மா எழவில்லை. உருண்டதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "கத்தி முடிச்சிட்டீங்களா?" என்றாள். "மழையைக் காலையில எட்டரைக்குத்தாங்க அளப்போம். முந்தின நாள் எட்டரையில இருந்து அன்னைக்கு எட்டரை வரைக்கும் உருளையில எவ்வளவு விழுந்துதோ, அது அளந்த தேதியிலதான் ஏறும். மூணாந்தேதி பகல்ல பேஞ்சாலும் ராத்திரி பேஞ்சாலும் அது நாலாந்தேதிக் கட்டத்துலதான் இருக்கும். நீங்க மூணுன்னு மனு கொடுத்தீங்க, நான் மூணைப் படிச்சேன்." விரல் ஒரு கட்டம் கீழே இறங்கியது. "நாலாந்தேதி. முப்பத்தெட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர். நல்ல மழைதானுங்க."

அவருக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டே விட்டார், நோட்டைப் பார்த்து. பார்த்தியாடா செங்கோடா, பல்குச்சியை நல்லாக் கடி, முப்பத்தெட்டு, அதற்கு மேலே ஆறு வேறு. "தாயி, கோவிச்சுக்காதீங்க, வாய் அப்படி, மனசு அப்படியில்ல" என்றார். "இதைத்தாங்க எழுதிக் கொடுக்கணும், இது போதும், என்ற பொண்ணு வீட்டுக்கு வந்துருவா." அவள் எழுதுவதற்குக் காகிதத்தை எடுத்தாள், எடுத்தவள் பழக்கத்தில் பக்கத்தைக் கடைசிவரை பார்த்தாள், முப்பத்தோரு வருசத்துப் பழக்கம், கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒரு சின்னச் சந்தோசம் வேறு. "ஆமா, எனக்கே ஞாபகம் வருது. திடீர்னு வந்த மழை. பகல் பூரா வெயில், பாருங்க, வெயில் பத்து மணி நேரம் அடிச்சிருக்குது. அந்தக் கண்ணாடி உருண்டை இருக்குதுல்ல, அதுக்கு அடியில அட்டை வெப்போம், வெயில் அடிக்கிற வரைக்கும் அட்டை கருகிட்டே போகும், அதை வெச்சுச் சொல்றது. சாயந்திரம் அஞ்சரைக்கு மேகம் எட்டுல ஒண்ணு. இடியும் மழையும் ராத்திரி ஒம்பது நாற்பதுக்குத்தான் ஆரம்பம்னு குறிப்பு எழுதியிருக்கறேன்." அவர் சொல்லிப் பார்த்தார், சந்தை இங்கயிருந்து பதினெட்டு மைல் தாயி, அங்க முன்னாலயே பேஞ்சிருக்கும். "இருக்கலாம். அது எங்க உருளையில விழலைங்க." இருக்கலாம் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தார். பிடிக்க முடியவில்லை. பிடிக்கப் போன கையில் புழுதி ஒட்டியது.

புழுதி. வேட்டியைத் தட்டினார் அன்றைக்கு. புளியமரத்தடியிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டினார், சிவப்பாகப் பறந்தது, அதில் யாரோ தும்மினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். சாயந்திர வெயில் மாட்டுக் கொம்பு நுனியில் மின்னிக்கொண்டிருந்தது. சலங்கை. எதிரே ஆத்தூர்ப் பக்கத்து ஆள், காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்டவன், அதற்கு மூன்று வருசம் முன்னால் இதே மரத்தடியில் ஒரு ஜோடி மாட்டை இவர் கையிலிருந்து அடிமாட்டு விலைக்குப் பிடுங்கிக்கொண்டு, அர்த்தநாரி கை வெண்ணெய்க் கை என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனவன். அன்றைக்கு அவன் மறுபடியும் வந்திருந்தான், துண்டு விழுந்தது, விரலும் விரலும் பிடித்துக்கொண்டன. விலையில் ஒரு விரல்தான் இடைவெளி. ஒரே விரல். அதை விட்டுக்கொடுத்திருந்தால் நாலேமுக்காலுக்கு வண்டியை எடுத்திருக்கலாம். போன் வந்தது, இடது கையால் எடுத்துத் தோ கிளம்பிட்டேன் என்றார், சட்டைப்பைக்குள் போட்டார், வலது கை துண்டுக்கடியிலேயே இருந்தது. மழையும் இல்லை, மேகமும் இல்லை. பிறகு போன் நெஞ்சுக்குமேல் இரண்டு தடவை அதிர்ந்தது. மூன்று தடவை. நெஞ்சு அதிர்ந்தபோது அவனுடைய விரல் ஒரு துடிப்புத் துடித்தது, இவனுக்கு ஏதோ அவசரம் என்று கண்டுகொண்டான், அதற்காகவே, கண்டுகொண்டான் என்பதற்காகவே, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். கை வேர்த்து வழுக்கியது. ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா, அந்தக் கடுக்கன்காரனின் கையை அவர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்துக்குப் பாதி நேரம் அத்தாயியின் கையைப் பிடித்ததுண்டா, கல்யாணத்தன்றைக்கு வேண்டுமானால் பிடித்திருப்பார், அதுவும் சுண்டுவிரலை மட்டும். அவன் இழுத்தான். அவன்தான் முதலில் இழுத்தான். சந்தையே கைதட்டியது. அப்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். டீக்கடையில் எல்லோருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தார், ஜெயித்தவன் வாங்கித்தர வேண்டும், தானும் இரண்டு சாப்பிட்டார், சால்னா நன்றாக இருந்தது என்பதுகூட இப்போது நினைவு வருகிறது, அப்போது அத்தாயி போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவித்தான் போனை எடுத்துக் கூப்பிட்டார். செங்கோடன் எடுத்தான். வாங்க என்றான், அந்த ஒரு சொல்தான். வண்டியை உதைத்தபோது முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. அந்தச் சொட்டைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். நினைத்தாரா? நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ண முடியுமா?

"சர்டிபிகேட்ல மழை அளவு மட்டும்தாங்க வரும்" என்றாள் அமலோற்பவம். "நேரம், மேகம், குறிப்பு எல்லாம் வேணும்னா தனி மனு கொடுக்கணும். வேணுமா?" பேனா நின்றது. "வேண்டாம். மழை மட்டும் போதும்." குரல் தன்னுடைய குரலாகத்தான் இருந்தது. சீல் விழுந்தது. வாங்கி நாலாக மடித்து, போன் இருக்கிற அதே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து, பஸ் நிறுத்தத்துப் பூவரச மர நிழலில் நின்றார். ஆட்டத்தில் எல்லாச் சீட்டும் இப்போது அவர் கையில். கவர்மெண்டு சீல். மணி அதில் இல்லை. மூன்றாந்தேதி எட்டரைக்கும் நாலாந்தேதி எட்டரைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் பெய்த மழை அது, நாலரைக்கும் பெய்திருக்கலாம். செங்கோடன் பார்த்த புழுதியை இந்தச் சீல் நனைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வளையல் குலுங்க மகள் படியேறுவாள், புது மாடு கத்தும். பக்கத்தில் கரும்புச்சாறு மிசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்தார்.

"கண்ணு." "சொல்லுங்கப்பா." "வாங்கிட்டேன் சாமி. காயிதம் கையில இருக்குது, சீல் வெச்சது. முப்பத்தெட்டு மில்லிமீட்டர். மழை பேஞ்சிருக்குது." அவள் மெதுவாகக் கேட்டாள். "எத்தனை மணிக்குப்பா?"

துண்டு விழுந்த மாதிரி இருந்தது. முகம் தெரியவில்லை, சொல் இல்லை, அந்த முனையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது, மாசம் ஏறின பெண்ணின் மூச்சு, கொஞ்சம் இழுத்து இழுத்து. அத்தாயியின் மூச்சும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அஞ்சு என்று ஒரு சொல், ஒரு கை விரல், அவ்வளவுதான், யார் வந்து பரண்மேல் ஏறிப் பார்க்கப்போகிறார்கள், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டால் முடிந்தது, முப்பத்தைந்து வருசமாக முதலில் இழுத்த கை இல்லை இது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஒம்பது நாற்பதுக்கு" என்று வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. "ராத்திரி ஒம்பது நாற்பதுக்குத்தான் சாமி. பகல் பூரா வெயிலு. அஞ்சரைக்கு எட்டுல ஒரு பங்குதான் மேகம் இருந்துச்சாம்."

"தெரியும்ப்பா" என்றாள்.

"தெரியுமா?"

"அம்மா போனதுக்கப்புறம் வாசல்ல பெஞ்சு போட்டுப் படுக்க வெச்சிருந்தோம். தூறல் விழுந்துச்சு. மூஞ்சியில தண்ணி படுதேன்னு நானும் மாமாவும்தான் பெஞ்சோட தூக்கி உள்ள கொண்டு போனோம். மழையே வரலைன்னு நான் என்னைக்காவது சொன்னனா?"

இல்லை. யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருசத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. "அப்புறம் என்னத்துக்குடி என்னை இந்த வெயில்ல..." என்று ஆரம்பித்துக் கத்தப் பார்த்தார், அவள் முடிக்க விடவில்லை.

"அஞ்சரைக்கு எத்தனைன்னு சொன்னீங்க?"

"எட்டுல ஒண்ணு."

"ம். அம்மா கட்டில்ல உட்கார்ந்து மேலயே பார்த்துட்டு இருந்துச்சு. வானம் நல்லாத்தான் இருக்குது, அப்பா வந்துருவாருன்னு சொல்லுச்சு."

கரும்புச்சாறு மிசினை யாரோ நிறுத்தினார்கள். பஸ் ஒன்று வந்து நின்று, இவரைப் பார்த்து, போய்விட்டது. "இப்பச் சொல்லிட்டேன்ல்ல" என்றார். "உள்ளதைச் சொல்லிட்டேன்ல்ல கண்ணு. அப்ப நீ வீட்டுக்கு வர்றல்ல?" அவருக்கே கேட்டது, உள்ளதைச் சொன்னதற்கும் ஒரு விலை கேட்கிறார்.

"இல்லப்பா. மாமா வீட்டுக்குத்தான் போறேன்." கூடவே, "பொறந்ததும் சொல்லி அனுப்பறேன், வாங்க" என்றாள். "மழை வந்தாலும் வாங்க."

போனை வைத்தது அவள்தான். அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எடுத்துச் சட்டைப்பையில் போட்டார், மடித்த காகிதத்தில் பட்டுச் சரசரத்தது. மரநிழலைவிட்டு வெளியே வந்து கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். வடக்கே மலைமேல் ஒரு கும்பல், உச்சியில் அதே பஞ்சு. அந்த அம்மா செய்த மாதிரி நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு பக்கமாகக் கூறு போட்டு எண்ணினார். நாலு இல்லை. மூன்றுதான்.